உறையைத் திருப்பிப் பாருங்கள்

வீட்டிலேயே சர்க்கரை இல்லாத சாக்லேட் செய்யலாம் என்று சென்ற முறை போகிற போக்கில் இரண்டு வரி எழுதிவிட்டேன். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கடிதங்கள் குவிந்துவிட்டன. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கே: கோகோ பவுடர், தேங்காய் எண்ணெய், எரித்ரிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்புப் பொருள்) மூன்றையும் கலந்து சாக்லேட் செய்தேன். பிரிட்ஜில் கல் போல இருக்கிறது. வெளியே எடுத்தால் பேத்தி வாயில் வைப்பதற்குள் முழங்கை வரை வழிகிறது. கோகோ பவுடரில் கலப்படமா? (வாசகி, லாஸ்பேட்டை)

ப: கோகோ பவுடர் மேல் பழி போடாதீர்கள் அம்மா. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகிவிடும். மார்கழி விடியற்காலை தவிர வேறு எப்போதாவது நம் ஊரில் அது தானாக உறைந்து பார்த்திருக்கிறீர்களா? நல்ல சாக்லேட் கையில் நின்று வாயில் கரைவதற்குக் காரணம் கோகோ வெண்ணெய், அதாவது கோகோ விதையில் இருக்கும் கொழுப்பு. அது உருகுவதற்கு 34 டிகிரி வேண்டும். உடம்புச் சூடு 37.

என் அளவு இது: 100 கிராம் கோகோ வெண்ணெய்க்கு 80 கிராம் கோகோ பவுடர், 60 கிராம் எரித்ரிட்டால், ஒரு சிட்டிகை உப்பு. எரித்ரிட்டாலை ஈரமில்லாத மிக்சி ஜாரில் மாவாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். அது கொழுப்பில் கரையாது. அப்படியே போட்டால் பல்லில் மணல் கடிபடும். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து கோகோ வெண்ணெயை உருக்கி, மற்றவற்றை அதில் கலந்துகொள்ளுங்கள். கரண்டியில் ஒட்டியிருக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், கலவை முழுவதும் திரிதிரியாகக் கட்டிக்கொள்ளும். 45 டிகிரி வரை சூடேற்றி, கிளறிக்கொண்டே 28க்கு இறக்கி, மறுபடி 31க்கு ஏற்றி அச்சில் ஊற்ற வேண்டும். இதைச் செய்யாவிட்டால் இரண்டு நாளில் மேலே விபூதி பூசியது போல வெளுத்துவிடும். அது பூஞ்சணம் இல்லை, கொழுப்புதான். வீட்டில் சாப்பிடலாம், விருந்தாளிக்கு நீட்ட முடியாது. சித்திரை, வைகாசியில் இந்த வேலையே வேண்டாம். அடுப்படியே 34 டிகிரியைத் தாண்டியிருக்கும்.

கோகோ வெண்ணெய் வாங்கும்போது என்னைப் போல ஏமாறாதீர்கள். பாதி விலை என்று இணையத்தில் அரைக் கிலோ வாங்கினேன். உறையின் அடியில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று இருந்தது. சோப்பும் களிம்பும் செய்கிறவர்களுக்கான சரக்கு. அதைப் படித்தது சாக்லேட் செய்து ஒரு துண்டு கடித்த பிறகு. மிச்சமிருந்த வெண்ணெய் இரண்டு பனிக்காலமாக என் மனைவியின் குதிகால் வெடிப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இன்னும் கால் டப்பா பாக்கி.

கே: 70 சதவீத டார்க் சாக்லேட்டில் சர்க்கரை கிடையாதுதானே? (முதலியார்பேட்டை)

ப: 70 என்பது கோகோ. மீதி 30 என்ன, காற்றா? பெரும்பாலும் சர்க்கரைதான்.

கே: நீரிழிவு உள்ள அப்பாவுக்காகக் கண்காட்சி ஒன்றில் 'சுகர் ஃப்ரீ கருப்பட்டி சாக்லேட்' 200 கிராம் 450 ரூபாய் கொடுத்து வாங்கினேன். நான்கு நாள் சாப்பிட்டார். பரிசோதித்தால் சர்க்கரை எகிறியிருக்கிறது. விற்றவரைக் கேட்டால், 'கருப்பட்டி எப்படிச் சர்க்கரையாகும்?' என்று திருப்பிக் கேட்கிறார். (நெல்லிக்குப்பம்)

ப: உங்கள் மேல் தவறில்லை. உறையில் எழுதியதை நம்பி, அப்பாவுக்கென்று கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். சர்க்கரை ஆலை ஓடுகிற ஊர்க்காரருக்கே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் வருத்தம். கரும்புச் சாற்றைக் காய்ச்சினால் வெல்லம். பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. இரண்டிலும் பெரும்பங்கு சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கிற அதே பொருள். மணமும் நிறமும் கொஞ்சம் தாது உப்புகளும் கூடுதல், அவ்வளவுதான். தேன், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சம்பழப் பாகு எல்லாம் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறவைதான்.

எனக்கு இதில் நெடுநாள் எரிச்சல். கல்யாண வீட்டில், 'சுகர் இருக்கிறவர்களுக்குத் தனியாக வெல்லப் பாயசம்' என்று அக்கறையோடு ஒரு வாளி வரும். இலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம், 'இது உங்களுக்காகவே செய்தது, தைரியமாகச் சாப்பிடுங்கள்' என்று இரண்டு கரண்டி ஊற்றிவிட்டுப் போவார்கள். அவர்கள் அறியாமல் செய்கிறார்கள். ஆனால் அச்சகத்தில் கொடுத்து 'சுகர் ஃப்ரீ' என்று உறை அடித்தவர் அறியாமல் செய்யவில்லை. கருப்பட்டி நல்ல பொருள், கருப்பட்டிக் காப்பி எனக்கும் பிடிக்கும். கருப்பட்டி சாக்லேட் என்றே விற்கட்டுமே, யார் வேண்டாம் என்றது?

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிப்படி, 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும் தின்பண்டத்துக்கு 'சுகர் ஃப்ரீ' என்று போடக் கூடாது. பின்பக்க ஊட்டச்சத்துப் பட்டியலில் மொத்தச் சர்க்கரை ஒரு வரி, சேர்த்த சர்க்கரை ஒரு வரி இருக்க வேண்டும். சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும். உங்கள் உறையில் கருப்பட்டி எத்தனையாவது என்று பாருங்கள்.

உறை, பில், பணம் அனுப்பிய பதிவு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் பணம் திரும்பாவிட்டால் கடலூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியவற்றுக்கு மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 450 ரூபாய்க்கு இவ்வளவா என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். சொல்லட்டும். அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது அந்த உறையையும் எடுத்துச் செல்லுங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.

கே: சர்க்கரை இல்லாத சாக்லேட் 100 கிராம் கட்டி ஒன்றை இரவில் முழுதாகச் சாப்பிட்டேன். விடிய விடியக் கழிப்பறைதான். நிறுவனத்திடம் நஷ்டஈடு கேட்கலாமா? (மஞ்சக்குப்பம்)

ப: அதில் இனிப்புக்குப் போட்டிருப்பது மால்ட்டிட்டாலாக இருக்கும். அதிகம் உள்ளே போனால் வயிற்றைக் கலக்கும். பேதியாகலாம் என்ற எச்சரிக்கையும் உறையிலேயே இருக்கும். இரண்டு துண்டு தின்ன வேண்டியதை ஒரு கட்டி தின்றதற்கு யார் நஷ்டஈடு தருவார்கள்? இன்னொன்று, மால்ட்டிட்டால் ரத்தச் சர்க்கரையை ஏற்றவே ஏற்றாது என்று நினைக்காதீர்கள். வெள்ளைச் சர்க்கரையைவிடக் குறைவாக ஏற்றும்.

கே: ஸ்டீவியா பவுடர் வாங்கினேன். ஒரு கரண்டி சர்க்கரைக்கு ஒரு கரண்டி ஸ்டீவியா என்று போட்டிருக்கிறது. சாக்லேட்டில் போடலாமா? (வில்லியனூர்)

ப: ஸ்டீவியா என்ற செடியின் இலையிலிருந்து எடுக்கும் இனிப்புப் பொருள் சர்க்கரையைப் போல 200 முதல் 300 மடங்கு தித்திப்பு. கரண்டிக்குக் கரண்டி சரியாக இருக்கிறதென்றால், டப்பாவில் ஏறக்குறைய முழுவதும் வேறு ஏதோ இருக்கிறது. திருப்பிப் பாருங்கள். எரித்ரிட்டால் என்றால் போடலாம். வாயில் கொஞ்சம் ஜில்லென்று இருக்கும். டெக்ஸ்ட்ரோஸ் என்றால் அது குளுக்கோஸ். மால்டோடெக்ஸ்ட்ரின் என்றாலும் ரத்தத்தில் அதே கதைதான்.

கே: சாக்லேட் அச்சு வாங்கினேன், ஒரே பிளாஸ்டிக் நாற்றம். பில் வாங்கவில்லை. எந்தக் கடை என்பதும் சரியாக நினைவில்லை, ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஏதோ ஒன்று. பணத்தை எப்படித் திரும்பப் பெறுவது? (புதுச்சேரி)

ப: பெற முடியாது.

கே: மீந்துபோன சாக்லேட்டை எங்கள் நாய்க்குக் கொடுக்கலாமா? சர்க்கரைதான் இல்லையே. (அரியாங்குப்பம்)

ப: கூடாது. நாய்க்குக் கோகோவே ஆகாது. இனிப்புக்குச் சைலிட்டால் என்ற பொருள் சேர்த்ததாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

கே: உறவினர் பொள்ளாச்சித் தோப்பிலிருந்து கோகோ விதை கொண்டுவந்திருக்கிறார். வறுத்துத் தோல் நீக்கி இட்லி கிரைண்டரில் அரைக்கலாமா? (திருப்பாதிரிப்புலியூர்)

ப: நல்ல கேள்வி. கோயம்புத்தூர்க் கல் கிரைண்டரைச் சற்று மாற்றி அமைத்துத்தான் வெளிநாடுகளில் சிறிய அளவில் சாக்லேட் செய்கிறவர்கள் பலர் கோகோ அரைக்கிறார்கள். ஆனால் அது ஒரு நாள் முழுவதும் ஓடுவதற்கென்று செய்தது. உங்களுடையது அரை மணி, முக்கால் மணி மாவுக்குச் செய்தது. நாக்குக்கு நறநறப்புத் தெரியாமலிருக்கத் துகள் 20, 25 மைக்ரான் அளவுக்கு இறங்க வேண்டும். அதுவரை வீட்டு மோட்டார் தாங்காது. புகைந்தால் கிரைண்டர் விற்ற கடைக்காரரிடம் உத்தரவாதம் பேசவும் முடியாது. விதை புளிக்கவைத்துக் காயவைத்ததுதானா என்பதையும் உறவினரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பச்சையாகக் காயவைத்த விதையை எவ்வளவு வறுத்தாலும் சாக்லேட் வாசனை வராது.

நானும் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது மணி நேரத்தில் மோட்டாரைத் தொட முடியவில்லை, நிறுத்திவிட்டேன். நறநறவென்று இருந்ததை நானே தின்று தீர்த்தேன். கல்லை எத்தனை முறை கழுவியும் அடுத்த மூன்று ஈடு இட்லி வெளிர் பழுப்பாகத்தான் வந்தது. வீட்டில் யாரும் தொடவில்லை. அதையும் நான்தான் தின்றேன்.