கேளுங்கள்: தொண்டைக்குள் விட ஒரு எலும்புக்கரண்டி

கேள்வி: கரீபியன் தீவுகளின் தைனோ பழங்குடியினர் வாந்தி எடுப்பதற்கென்றே ஒரு கரண்டி வைத்திருந்தார்களாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். கொஹோபா என்ற மூக்குப்பொடிச் சடங்குக்கு முன்னால் வயிறு காலியாகி உடம்பு சுத்தமாக வேண்டும், அதற்காகத் தொண்டைக்குள் விடுகிற வளைந்த கரண்டி அது. பல கரண்டிகள் மானட்டி என்ற கடற்பசுவின் எலும்பில் செய்தவை, பிடியில் நுணுக்கமான செதுக்கல் வேறு. அப்புறம் தலைவர் தூஹோ என்ற தாழ்வான மர இருக்கையில் உட்கார்ந்து, ஒரு மர விதையின் பொடியைக் குழாய் வழியே உறிஞ்சி, ஸெமி எனப்படும் தெய்வங்களோடு பேசுவார். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ஒரு தூஹோவில் கண்களுக்குத் தங்கத் தகடு பதித்திருக்கிறார்கள்.

ஆனால் எனக்கு அதிகம் பிடித்தது அவர்கள் சமையல் சாமான்கள்தான். கசப்பு மரவள்ளியில் சயனைடு விஷம் உண்டு. கல் சில்லு பதித்த பலகையில் கிழங்கைத் துருவி, ஸிபுகான் என்ற நீளமான பின்னல் குழாயில் அடைத்துத் தொங்கவிட்டு, இழுத்து நீட்டினால் விஷச்சாறு பிழிந்து வந்துவிடும், மிச்ச மாவை பூரேன் என்ற வட்டமான மண் கல்லில் ரொட்டியாகச் சுடுவார்கள். அந்தக் கிழங்கு நன்றாக விளைய மூன்று முனை வைத்த ஸெமி கல் உதவும் என்று நம்பியதை, கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் போன ரமோன் பானே என்ற துறவி எழுதி வைத்திருக்கிறார். ரொட்டியின் பெயர் கசாபே. கியூபாவிலும் டொமினிகன் குடியரசிலும் இன்றைக்கும் சாப்பிடுகிறார்கள், 2024-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது.