சுவரைக் கேட்டுவிட்டு டிவியை மாட்டுங்கள்

(வீடு பராமரிப்பு பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, பெங்களூரில் நெடுங்காலம் கட்டட மேற்பார்வை பார்த்தவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஐயா, கே.ஆர்.புரம் பக்கம் புது அபார்ட்மெண்டில் இருக்கிறோம். 65 இன்ச் டிவி வாங்கி, சாப்பாட்டு மேசையிலிருந்தும் பார்க்கலாம் என்று வெளியே இழுத்துத் திருப்பும் ஸ்டாண்டில் மாட்டினோம். ஓட்டை போடும்போது டிரில் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது, கடைசி வரை வெள்ளைத் தூள்தான் கொட்டியது. இப்போது ஸ்டாண்டின் மேல் பக்கம் சுவரைவிட்டு ஒரு நூல் விலகித் தெரிகிறது. ஸ்குருவை முறுக்கினால் சரியாகிவிடும் என்கிறார் வீட்டுக்காரர். சுவருக்குப் பின்னால் பாத்ரூம். மூன்று வயதுப் பையன் அதன் கீழேதான் விளையாடுகிறான். என்ன செய்வது?
- ஒரு வாசகி

பதில்: அம்மா, ஸ்குருவைத் தொட வேண்டாம். பையனை அந்தப் பக்கம் விடாதீர்கள். டிவியைச் சுவரோடு ஒட்டி உள்ளே தள்ளிவிட்டு, ஒயர்களைக் கழற்றி, பெரியவர்கள் இரண்டு பேராக ஆளுக்கொரு பக்கம் பிடித்து இன்றைக்கே இறக்கிவிடுங்கள். திரையில் கையை ஊன்றாமல் ஓரச் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். இறக்கிய டிவியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தியே வையுங்கள். மீதியை அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது ஏ.ஏ.சி. கல். சைட்டில் லைட்வெயிட் பிளாக் என்பார்கள். உள்ளே நுண்ணிய காற்றறைகள் நிறைந்த கல், தண்ணீரில் போட்டால் மிதக்கும். பட்டி, ஜிப்சம் பூச்சிலிருந்தும் முதல் அரை அங்குலத்துக்கு வெள்ளைத் தூள் வரும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. அதற்குப் பிறகு வருவதுதான் உண்மையைச் சொல்லும். அல்சூர் பழைய வீடுகளில் சிவப்புத் தூள் வந்தால் செங்கல். கரகரவென்று சாம்பல் நிறத்தில் வந்தால் சிமெண்ட் பிளாக். அதே சாம்பல் நிறம், ஆனால் டிரில் இறங்கவே அடம்பிடிக்கிறது என்றால் கான்கிரீட். கம்பி தட்டினால் நிறுத்திவிட்டு இடம் மாற்றுங்கள். சில புது அடுக்ககங்களில் சுவர் முழுக்கக் கான்கிரீட்டாகவே வார்த்திருப்பார்கள். இரண்டு அங்குலம் போனதும் டிரில் திடீரென்று வெற்றிடத்தில் விழுந்தால் ஹாலோ பிளாக்.

ஸ்டாண்டோடு பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பிளக் பெரும்பாலும் செங்கல்லையும் கான்கிரீட்டையும் மனதில் வைத்துச் செய்தது. ஸ்குரு ஏறும்போது பிளக் விரிந்து, ஓட்டையின் சுவரை அழுத்திப் பிடிக்கும். அந்த அழுத்தத்தை ஏ.ஏ.சி. கல் தாங்காது, பொடிந்துவிடும். இறுக்க இறுக்க ஓட்டை பெரிதாகும், பிடிப்பு போகும். முறுக்க வேண்டாம் என்று சொன்னது அதனால்தான்.

இன்னொன்று, உங்கள் ஸ்டாண்டின் கை. இதை விற்கிறவர்கள் யாரும் வாங்குகிறவருக்குச் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். டிவி 22 கிலோ என்று வையுங்கள். சுவரோடு ஒட்டிய ஸ்டாண்டில் அதன் எடை சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி நிற்கும். மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளி 20 செ.மீ. என்றால், மேல் வரிசையை வெளியே இழுக்கும் விசை 22-ஐ 5-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் வரும் ஐந்தரை கிலோதான். அதே டிவியைக் கையில் 50 செ.மீ. வெளியே இழுத்தால் 55 கிலோ. டிவி அதே டிவி, இழுப்பு பத்து மடங்கு. ஸ்டாண்டின் சொந்த எடை இதில் சேரவில்லை. பையன் எட்டிப் பிடித்துத் தொங்கினால் என்ன ஆகும் என்பதையும் சேர்க்கவில்லை. அட்டையில் '50 கிலோ தாங்கும்' என்று போட்டிருப்பது இரும்புக்குத்தான், உங்கள் சுவருக்கு அல்ல.

என் கருத்தைக் கேட்டால், அந்தச் சுவரில் இழுக்கும் ஸ்டாண்டே வேண்டாம். ஒட்டி நிற்கும் ஸ்டாண்டுக்கு மாறுங்கள். 18 மி.மீ. பிளைவுட் பலகையை டிவியைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, ஏ.ஏ.சி. கல்லுக்கென்றே விற்கும் நீளமான நைலான் பிளக்குகளால் பல இடங்களில் பரவலாகச் சுவரில் பிடிக்கச் சொல்லுங்கள். ஸ்டாண்டை அந்தப் பலகையில் போல்ட், வாஷர், நட்டு போட்டு முடுக்க வேண்டும். நட்டு பலகையின் பின்பக்கம் உட்காருவதால், பலகை சுவரேறும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். எஸ்.பி. ரோடு கடைகளில் 'ஏ.ஏ.சி. பிளாக்குக்கு' என்று கேட்டு வாங்குங்கள். வெறும் பிளக் என்று கேட்டால் பழைய வகையையே எடுத்துக் கொடுப்பார்கள். கெமிக்கல் ஆங்கரும் (ஓட்டையில் பசையைச் செலுத்தி போல்ட்டை ஒட்டவைக்கும் முறை) நல்லது, ஆனால் ஓட்டைத் தூளை முழுக்க ஊதி எடுத்து, பசை இறுகும் நேரம் வரை காத்திருக்கும் பொறுமை உள்ள ஆள் வேண்டும். எதுவானாலும் டிரில்லில் ஹேமரை நிறுத்திவிட்டு, வெறும் சுழற்சியில் ஓட்டை போடச் சொல்லுங்கள். பழைய ஓட்டைகளை அப்படியே பயன்படுத்தக் கூடாது, தள்ளிப் போட வேண்டும்.

பின்னால் பாத்ரூம் என்றீர்களே, அதைக் கவனிக்காமல் விடாதீர்கள். நான்கு அங்குலச் சுவரில் அந்தப் பக்கம் கீசர் குழாய் புதைந்திருக்கலாம். இரண்டு அறைக்கும் பொதுவான கதவு ஓரத்திலிருந்து ஒவ்வொரு குழாய் வாயும் கீசர் இணைப்பும் எத்தனை அங்குலத்தில், எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பாத்ரூமில் அளந்து, ஹால் பக்கத்தில் அதே இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். அந்தக் குறிகளின் நேர் மேல், நேர் கீழ், பக்கவாட்டுக் கோடுகளில் டிரில் போகக் கூடாது. கட்டியவரிடம் பிளம்பிங் வரைபடம் கிடைத்தால் இன்னும் நல்லது. குழாய் நடுவில் ஓடுகிறது என்று தெரிந்தால் டிவிக்கு வேறு சுவர் பாருங்கள்.

கேள்வி: எலக்ட்ரானிக் சிட்டியில் வாடகை வீடு. ஓனர் ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது என்கிறார். 55 இன்ச் டிவியை மேசையில் வைத்தால் போதுமா, சார்?

பதில்: போதும் தம்பி, மேசை தாழ்வாகவும் அகலமாகவும் இருந்தால். டிவியின் இரண்டு கால்களும் விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே நிற்க வேண்டும். டிவியின் பின்னால் ஸ்டாண்டுக்காக விட்டிருக்கும் திருகுத் துளைகளில் பட்டை வார் மாட்டி, கனமான அந்த மேசையின் முதுகோடு இழுத்துக் கட்டுங்கள். அந்தத் துளைக்கு எம்6, எம்8 என்று டிவியின் கையேட்டில் உள்ள ஸ்குருவையே, அதே நீளத்தில் போடுங்கள். நீளம் கூடினால் டிவிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டைக் குத்திவிடும். குழந்தை இருக்கும் வீடு என்றால் மேசையில் இழுப்பறை வேண்டாம், அதைப் படியாக்கித்தான் ஏறுவார்கள்.

கேள்வி: எந்த உயரத்தில் மாட்டுவது? சுவிட்ச்போர்டுக்கு நேர் மேலே மாட்டலாமா?

பதில்: சோபாவில் உட்கார்ந்தால் கண் எங்கே இருக்கிறதோ, திரையின் நடு அங்கே. தரையிலிருந்து சுமார் 42 அங்குலம் பலருக்குச் சரிவரும். சுவிட்ச்போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் சுவருக்குள் ஒயர் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே டிவி வரலாம், ஓட்டை வரக் கூடாது. ஸ்டாண்டின் துளைகள் அந்தக் கோட்டின் மேல் விழாதபடி பக்கவாட்டில் நகர்த்திக் கொள்ளுங்கள். டிரில்லுக்கு வேறு அறையிலிருந்து கரண்ட் எடுத்து, ஹாலின் எம்.சி.பி.யை (மெயின் பெட்டியில் அந்த அறைக்கு உள்ள பாதுகாப்பு சுவிட்சை) இறக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.