“ரெண்டு எழுத்துதானே மாத்தணும்?”: தனியாகத் தொழில் செய்யும் டிசைனர்களுக்குக் கேள்வி பதில்

வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து 12 வருடமாகத் தனியாக டிசைன் வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு, லோகோ, ஏற்றுமதி கம்பெனி கேட்லாக் என்று எல்லாமும் வரும். சுற்று வட்டாரத்தில் இதே தொழிலில் இருக்கும் தம்பி, தங்கைகள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (குடியாத்தம்): அண்ணா, “பிரஸ்ல டிசைன் சும்மாவே போட்டுத் தராங்க, உனக்கு எதுக்குத் தனியா காசு?” என்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: சும்மா இல்லை தம்பி, அச்சுக் கூலியோடு சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். அதை விளக்கி நேரத்தை வீணாக்காதீர்கள். ஆயிரம் பிட் நோட்டீஸ் மட்டும் போதும் என்பவரை நானே பிரஸ்ஸுக்கு அனுப்பிவிடுவேன். போர்டு, பில் புக், கவர், இன்ஸ்டாகிராம் எல்லாம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று கேட்பவர்தான் நம் ஆள். மணிக்கு இவ்வளவு என்ற ரேட் நம் ஊரில் எடுபடாது. வேலைக்கு மொத்தமாகச் சொல்லுங்கள், அதில் என்னென்ன அடங்கும் என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி (ஆரணி): ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு எட்டு முறை கரெக்‌ஷன் போட்டுவிட்டேன். இன்னும் முடியவில்லை அண்ணா.

பதில்: எட்டுதானா? பத்திரிகையில் பூ, பார்டரை யாரும் குறை சொல்வதில்லை. சண்டை எல்லாம் பெயர்களில்தான். பெண் வீட்டார் மேட்டர், அதாவது அச்சடிக்க வேண்டிய விவரம், தருவார்கள். அப்புறம் மாப்பிள்ளையின் பெரியப்பா பெயர் விட்டுப்போயிருக்கும், தாய்மாமன் பெயர் கீழே இறங்கியிருக்கும், ஒருவருக்கு இனிஷியல் தப்பாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக போன் வரும்: “இன்னாப்பா, ரெண்டு எழுத்துதானே மாத்தணும்?”

இரண்டு வீட்டு மேட்டரும் முழுதாகக் கைக்கு வராமல் கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். கரெக்‌ஷன் சொல்ல ஒரே ஒரு ஆள்தான் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இரண்டு முறை இலவசம், மூன்றாவதிலிருந்து காசு. 200 ரூபாய் என்று சொன்னாலே போதும், எல்லாத் திருத்தத்தையும் சேர்த்து ஒரே காகிதத்தில் எழுதி அனுப்பிவிடுவார்கள்.

நான் பட்டதையும் சொல்கிறேன். திங்கட்கிழமை முகூர்த்தம், காலை 6.00 முதல் 7.30 வரை. பழைய பத்திரிகை ஃபைலின் மேலேயே புது மேட்டரை அடித்ததில் பழைய நேரம் அப்படியே நின்றுவிட்டது: 7.30 முதல் 9.00. திங்கட்கிழமை அது ராகு காலம்! அச்சுக்கு முந்தைய ப்ரூஃபைப் போனில்தான் படித்துக் காட்டினேன், கஸ்டமரும் “சரி, அடிச்சிடுங்க” என்றார். யார் தப்பு என்று பேசிப் பேசி, மறுபடி அடித்த செலவில் பாதி என் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து தேதி, கிழமை, நேரம், மண்டபம் நான்கையும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுப் படம் எடுத்து அனுப்புகிறேன். “ஓகே” என்று எழுத்தில் வந்தால்தான் ஃபைல் பிரஸ்ஸுக்குப் போகும்.

கேள்வி (ஆம்பூர்): ஷூ ஏற்றுமதி கம்பெனிக்கு லோகோ செய்தேன். ஓப்பன் ஃபைல் (திருத்தக்கூடிய மூல ஃபைல்) கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

பதில்: விலை பேசிக் கொடுங்கள். ஆனால் ஃபைல் வேறு, உரிமை வேறு. 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி, உங்களிடம் இருக்கும் உரிமையை மாற்றித் தருவதென்றால் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆம்பூரில் தைத்து ஐரோப்பாவுக்குப் போகும் ஷூ பெட்டிக்கு இது பெரிய ஓட்டை. “எல்லா நாடுகளுக்கும், உரிமை உள்ள காலம் முழுதும்” என்று எழுதித் தருவதாகச் சொல்லுங்கள், அதற்குத் தனி விலை கேட்பது நியாயம்தான். அப்புறம், லைசென்ஸ் வாங்காத ஃபான்டில் லோகோ செய்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி (ராணிப்பேட்டை): வேலை முடிந்தது, “அடுத்த வாரம் ஜிபே பண்றேன்” என்றே மூன்று மாதம் ஓடிவிட்டது.

பதில்: பாதி அட்வான்ஸ் வராமல் ஆரம்பிக்காதீர்கள். மீதி வரும்வரை குறுக்கே உங்கள் பெயர் போட்ட சின்ன ஜேபெக் படம் மட்டும் அனுப்புங்கள். கம்பெனி என்றால் இன்னொரு வழி உண்டு. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், செய்துகொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டு சிறு, குறு தொழில் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது, இழுத்தால் வட்டி. பில்லில் பதிவு எண்ணைப் போட்டாலே அக்கவுன்ட்ஸ்காரர் கவனிப்பார். தெருமுனைக் கடைக்காரரிடம் மட்டும் சட்டம் பேசாதீர்கள், அங்கே நேரில் போய் டீ குடித்துக் கேட்பதுதான் வேலைக்கு ஆகும்.

கேள்வி (காட்பாடி): பிரஸ்ஸில் திறந்தால் தமிழ் எழுத்து உடைந்து, கொம்பும் காலும் இடம் மாறி நிற்கிறது. கஸ்டமர் என்னைத் திட்டுகிறார்.

பதில்: உங்களுடையது யூனிகோட் எழுத்து, அங்கே இருப்பது அதை ஒழுங்காகக் காட்டாத பழைய கோரல் டிரா சாஃப்ட்வேராக இருக்கும். எழுத்தைக் கர்வ் ஆக்கி, அதாவது படம் போல வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, பிடிஎஃப் கொடுங்கள். கர்வ் ஆக்காத பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும், கரெக்‌ஷன் வராமல் இருக்காது.

கேள்வி (வாலாஜா): பழைய விசிட்டிங் கார்டைக் கொடுத்து அப்படியே அடி என்கிறார். அதில் வேலூர் மாவட்டம் என்று இருக்கிறது.

பதில்: 2019இல் பிரித்ததிலிருந்து வாலாஜா, ஆற்காடு எல்லாம் ராணிப்பேட்டை மாவட்டம். ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்குப் போய்விட்டன. நீங்களாக மாற்றாதீர்கள், கேட்டுவிட்டு மாற்றுங்கள். என்னிடம் வந்த ஒரு பெரியவர் கார்டில் “வ.ஆ. மாவட்டம்” என்றே இருந்தது. வட ஆற்காட்டை 1989லேயே பிரித்துவிட்டார்களே ஐயா என்றேன். “பின்கோடு சரியா இருக்கா? அப்போ தபால் வந்துடும்” என்றார். அப்படியே அடித்துக் கொடுத்தேன்.