வாசகர் கேள்வி–பதில்: இரானியச் சாப்பாடு

கேள்வி: துபாயில் இருக்கும் மகன் இரானிய உணவகத்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறான். பிரியாணி மாதிரி காரசாரமாக இருக்குமா? நாலு பேருக்கு என்ன சொல்ல வேண்டும்?
— வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

காரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். தென்கடற்கரைப் பக்கச் சமையலை விட்டுவிட்டால், இரானில் மிளகாய்க்கு வேலை குறைவு. புளிப்பும் கீரை வாசமும் குங்குமப்பூவும்தான் அங்கே ருசி. மேசையில் சிவப்பாக ஒரு தூள் இருக்கும். மிளகாய்த்தூள் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள், அது சுமாக் என்கிற புளிப்புப் பழத்தின் தூள். கபாபுக்கு அதுதான் துணை.

நாலு பேருக்கு இரண்டு 'செலோ கபாப்' போதும், ஒரு தட்டே நிறைய வரும். செலோ என்றால் சோறு. ஒன்று கூபிதே (கைமாவைக் கம்பியில் பிடித்துச் சுட்டது), இன்னொன்று ஜூஜே (குங்குமப்பூ, எலுமிச்சையில் ஊறிய கோழி). கூடவே ஒரே ஒரு குழம்பு: கோர்மே சப்ஸி. கொத்தமல்லி, பார்ஸ்லி, வெந்தயக்கீரையை எண்ணெயில் கறுக்க வதக்கி, ராஜ்மாவும் கறியும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைப்பது. அதில் முழுசாக மிதக்கும் காய்ந்த எலுமிச்சையைக் கரண்டியால் அழுத்திச் சாறு இறக்குங்கள். மென்றால் விதை கசக்கும். இனிப்பும் புளிப்பும் பிடிக்கும் என்றால் இதற்குப் பதிலாக வால்நட்டும் மாதுளைச்சாறும் சேர்ந்த ஃபெசஞ்சான் சொல்லலாம்.

சாப்பிடும் முறைதான் முக்கியம். சோறு வந்ததும் ஆறவிடாமல் வெண்ணெயை அதற்குள் புதைத்துவிடுங்கள். உருகியதும் சுமாக் தூவி, சுட்ட தக்காளியை நசுக்கிக் கலந்து, கபாபைக் கரண்டி விளிம்பால் துண்டாக்கிச் சேர்த்துச் சாப்பிடுங்கள். வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்கரண்டி. கத்தி பெரும்பாலும் வைக்கமாட்டார்கள். சாம்பார் மாதிரி குழம்பை மொத்தச் சோற்றிலும் ஊற்றினால் அந்த உதிரிச் சோறு வீண். ஓரமாக ஊற்றி, வாய்க்கு வாய் கலந்துகொள்ளுங்கள்.

உட்கார்ந்ததுமே 'தஹ்தீக்' இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பானை அடியில் பொன்னிறமாக மொறுமொறுத்த சோறு, நம் ஊர்க் காந்தல்தான். நாம் சுரண்டித் தள்ளுவதை அவர்கள் விருந்தாளிக்கு வைக்கிறார்கள். ஒரு பானைக்கு ஓர் அடிதானே, நேரமானால் தீர்ந்துபோகும்.

கேள்வி: நான் சைவம். அங்கே எனக்கு என்ன கிடைக்கும்?
— வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

'கீரைக் குழம்பு', 'பருப்புக் குழம்பு' என்று எழுதியிருப்பதை நம்பிவிடாதீர்கள், கோர்மே சப்ஸியிலும் கெய்மேயிலும் கறி உண்டு. ஆஷ் ரெஷ்தே என்னும் நூடுல்ஸ் சூப்பில் கறித்துண்டு தெரியாது, ஆனால் எலும்புச் சாறு ஊற்றியிருக்கலாம், கேட்டுவிடுங்கள். மீர்ஸா காசெமி சுட்ட கத்தரிக்காய், பூண்டு, தக்காளி சேர்ந்தது, முட்டையும் சேரும். நிம்மதியாகச் சாப்பிட மாஸ்த்-ஓ-கியார் (வெள்ளரித் தயிர்ப் பச்சடி), போரானி (தயிரில் கீரை), ரொட்டியோடு வரும் சப்ஸி கோர்தன் தட்டு. அந்தத் தட்டில் துளசி இனத்து ரெய்ஹான், புதினா, முள்ளங்கி, வெள்ளைச் சீஸ் இருக்கும். ரொட்டியில் சுருட்டிச் சாப்பிடலாம். ஸெரெஷ்க் போலோவைக் கோழி இல்லாமல் சோறு மட்டும் கேட்டு வாங்குங்கள். புளிப்புச் சிவப்புப் பழங்கள் தூவிய அந்தச் சோறு தனியாகவே நிற்கும்.

கேள்வி: பெரிய மார்க்கெட்டில் கறி வாங்கி மொட்டைமாடியில் கூபிதே போட்டோம். பாதி கரியில் விழுந்துவிட்டது. முட்டை சேர்க்கலாமா?
— வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

முட்டை வேண்டாம், கபாப் இறுகிவிடும். விழுவதற்குக் காரணம் அநேகமாக வெங்காயத் தண்ணீர். ஒரு கிலோவுக்கு இரண்டு வெங்காயத்தைத் துருவி, துணியில் கட்டி, சொட்டு நிற்கும்வரை பிழியுங்கள். வெள்ளாட்டுக் கறியில் கொழுப்பு குறைவு. 800 கிராம் கறிக்கு 200 கிராம் கொழுப்பு சேர்த்து இரண்டு முறை அரைக்கச் சொல்லுங்கள். உப்பும் மிளகும் போட்டுப் பத்து நிமிடம் பிசையுங்கள். உள்ளங்கையில் அப்பி, கையைக் கவிழ்த்தாலும் விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். அதுதான் பதம். பிறகு ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில்.

உருண்டைக் கம்பியில் கறி சுழன்றுவிடும், இரண்டு சென்டிமீட்டர் அகலப் பட்டைக் கம்பி வேண்டும். கையை நனைத்து மெல்லிசாகப் பிடித்து, விரலால் வரிவரியாக அழுத்தி, இரு முனைகளையும் இறுக்கிவிடுங்கள். வலைத்தட்டு வேண்டாம், கறி அதில் ஒட்டும். இரண்டு பக்கமும் செங்கல் வைத்துக் கம்பியை அதன்மேல் நிறுத்துங்கள். கரி நன்றாகக் கனன்றிருக்க வேண்டும். முதல் ஒரு நிமிடம் சில வினாடிக்கொரு முறை திருப்புங்கள். இரு பக்கமும் சட்டென்று பிடித்துக்கொண்டால் அப்புறம் விழாது.

கேள்வி: பில் கொடுக்கப் போனால் 'வேண்டாம்' என்கிறார்களாமே?
— வாசகி, நெல்லிக்குப்பம்

'காபெலி நதாரே' என்பார்கள். 'உங்களுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு பொருட்டா' என்கிற மரியாதைப் பேச்சு, தாரோஃப் என்று பெயர். இலவசம் என்று எழுந்து வந்துவிடாதீர்கள். நன்றி சொல்லி, இரண்டு முறை வற்புறுத்திப் பணத்தைக் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள். அதற்கு முன் டீ வரும். பால் கிடையாது. சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு உறிஞ்ச வேண்டும். 'நபாத்' கொடுத்தால் அது கல்கண்டு, அதை டீயில் கலக்கலாம்.