மல்லிகையை ஏன் வேகவைக்க வேண்டும்?

வணக்கம்.

குளிர்பானங்களில் கலக்க வீட்டிலேயே பூச் சிரப் செய்து பார்க்கலாம் என்று போன வாரம் இறங்கினேன். ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர், இரண்டு கைப்பிடி மல்லிகை. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினேன். வந்தது பழுப்பு நிறத்தில் ஒரு பாகு. மல்லிகை வாசனை துளியும் இல்லை, வேகவைத்த கீரை வாடைதான். ரோஜாவில் வாசனை ஓரளவு வந்தது, ஆனால் நிறம் சேற்றுத் தண்ணீர். பூ போதவில்லையா, என் கைப்பக்குவம் சரியில்லையா? எசன்ஸ் இரண்டு சொட்டு விட்டால் வேலை முடிந்தது என்கிறார்கள் வீட்டில். அப்படியே செய்துவிடலாமா? செய்து வைத்தால் எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? தோட்டத்தில் இருக்கும் மற்ற பூக்களிலும் செய்யலாமா?

பெயர் வேண்டாமே,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பூவும் போதும், கைப்பக்குவத்திலும் குறை இல்லை. அடுப்புதான் அதிகம்.

அந்தக் கால் மணி நேரமும் சமையலறை முழுக்க மல்லிகை மணத்திருக்குமே? பாட்டிலுக்குள் போயிருக்க வேண்டிய மணம் அது. பூவின் வாசனை என்பது எளிதில் ஆவியாகும் பல பொருள்களின் கலவை. அப்படி ஆவியாவதால்தான் நம் மூக்குக்கே அது எட்டுகிறது. கொதிக்கவிட்டால் நீராவியோடு முதலில் கிளம்பிவிடுவதும் அதுதான். கடைசியில் பாத்திரத்தில் தங்குவது இதழிலும் காம்பிலும் உள்ள பச்சை வாடையும் கசப்பும்.

சர்க்கரைக்காகவாவது அடுப்பு வேண்டாமா என்றால், அதற்கும் வேண்டாம். பாகு என்றதும் கை தானாகக் கம்பிப் பதத்தைத் தேடுகிறது. பானத்தில் கலக்கும் சிரப்புக்குப் பதமே கிடையாது. சர்க்கரை முழுக்கக் கரைந்த தண்ணீர், அவ்வளவுதான். அறை வெப்பநிலையிலேயே 100 மில்லி தண்ணீரில் ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரை கரையும். சர்க்கரையும் தண்ணீரும் ஒரே எடையில் சேரும் சம அளவு சிரப்புக்கு அதில் பாதிதான் தேவை. மூடியுள்ள பாட்டிலில் போட்டுக் குலுக்கி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி குலுக்கினால் தெளிந்துவிடும். தண்ணீரை முன்கூட்டியே கொதிக்கவைத்து ஆறவைப்பது கிருமிக்காக மட்டும். அப்புறம், கப் கணக்கை விட்டுவிட்டுத் தராசில் நிறுத்துப் போடுங்கள். ஒரு கப் சர்க்கரை சுமார் 200 கிராம், ஒரு கப் தண்ணீர் சுமார் 240 கிராம். கப்புக்குக் கப் என்று போட்டால் சம அளவு வராது, சிரப் நீர்த்துப்போகும், சீக்கிரம் கெடவும் செய்யும்.

மல்லிகைக்கு நான் சிபாரிசு செய்வது தண்ணீரே படாத முறை. மல்லிகைக்கு ஒரு குணம் உண்டு: பறித்த பிறகும் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பிரான்சில் கிராஸ் நகரத்து வாசனைத் திரவியக்காரர்கள் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். கண்ணாடித் தட்டில் கொழுப்பைப் பூசி, அதன்மேல் மல்லிகையைப் பரப்பிவைத்து, பூ வாட வாடப் புதுப் பூவை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மணம் கொழுப்பில் இறங்கும். நமக்குக் கொழுப்பின் இடத்தில் சர்க்கரை.

சாயங்காலம், விரியப்போகும் மொட்டுகளாகப் பார்த்து எடுங்கள். பச்சைக் காம்பைக் கிள்ளிவிடுங்கள், கசப்பில் பாதி அங்கேதான். பூவில் ஈரம் இருக்கக் கூடாது. அகலமான ஜாடியில் ஒரு அடுக்கு சர்க்கரை, ஒரு அடுக்கு பூ என்று போட்டு, மேலே சர்க்கரையால் மூடி, காற்றுப் புகாமல் அடைத்து இரவு முழுக்க விடுங்கள். 200 கிராம் சர்க்கரைக்கு உங்களுடைய அதே இரண்டு கைப்பிடி போதும். காலையில் திறந்தால் பூ துவண்டு கிடக்கும். சர்க்கரை அதன் ஈரத்தை இழுத்து அங்கங்கே கட்டி கட்டியாக இருக்கும். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் தெரியும், மணம் இடம் மாறிவிட்டது. பூவைச் சலித்து எறிந்துவிடுங்கள். போதவில்லை என்று தோன்றினால் அதே சர்க்கரையில் மறுநாள் இரவும் புதுப் பூ போடலாம். பிறகு 200 மில்லி ஆறிய தண்ணீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பிழியாதீர்கள். நிறம் வராது, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

ரோஜா விஷயம் வேறு. அதன் மணத்தில் தண்ணீரில் கரையக்கூடிய ஒரு பகுதி உண்டு, சூட்டையும் ஓரளவு தாங்கும். அதனால்தான் உங்களுக்கு வாசனை கொஞ்சம் மிஞ்சியது. அதற்கும் கொதி வேண்டாம். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து, இதழ்களைப் போட்டு மூடிவிடுங்கள். ஒவ்வொரு இதழின் அடியிலும் இருக்கும் வெள்ளைப் பகுதியை முன்பே நறுக்கிவிட வேண்டும், அது கசக்கும். அரை மணி நேரம் கழித்து மூடியைத் திறக்கும்போது அதன் உட்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். அதைத் துடைத்துவிடாமல் பாத்திரத்திலேயே வழியவிடுங்கள், மணம் ஏறிய தண்ணீர் அது. உள்ளே இதழ்கள் வெளுத்துப்போய், தண்ணீர் கலங்கலான ஒரு பழுப்பு கலந்த ஊதாவாக இருக்கும். நீங்கள் சேற்றுத் தண்ணீர் என்று நொந்துகொண்ட அதே நிறம்தான். இப்போது அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள். சாறு விழுந்த இடத்திலிருந்து இளஞ்சிவப்பு பரவி, ஒரு கலக்கு கலக்கினால் மொத்தமும் பளிச்சென்று மாறிவிடும். அதன் பிறகு வடிகட்டிச் சர்க்கரையைக் கரையுங்கள்.

இது மாயமில்லை. ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் சங்குப்பூவுக்கும் நிறம் தருவது ஆந்தோசயனின் என்ற ஒரே நிறமிக் குடும்பம். அமிலம் பட்டால் சிவப்புப் பக்கம் போகும், சமையல் சோடா மாதிரியான காரம் பட்டால் பச்சை, நீலம் என்று ஓடும். அலுமினியம், இரும்புப் பாத்திரங்களிலும் நிறம் மங்கும் என்பதால் எவர்சில்வர் அல்லது கண்ணாடியே நல்லது. சொல்லப்போனால் வேதியியலின் ஆரம்பகால அமிலச் சோதனைகளில் ஒன்று ஒரு பூச் சிரப்பை வைத்துத்தான் நடந்தது. வயலட் பூவின் சிரப் அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுவதை விஞ்ஞானி ராபர்ட் பாயில் 1664இல் எழுதி வைத்திருக்கிறார்.

நிறத்துக்காகவே செய்வதென்றால் சங்குப்பூவை மிஞ்ச ஆளில்லை. சூடான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டால் அடர்நீலம் இறங்கும், எலுமிச்சை பட்டால் ஊதா ஆகும். வாசனை என்று எதுவும் கிடையாது. என் ஏற்பாடு, மணத்துக்கு மல்லிகைச் சர்க்கரை, நிறத்துக்குச் சங்குப்பூத் தண்ணீர். இரண்டையும் ஒரே பூவிடம் கேட்டால் ஏமாற்றம்தான். லாவெண்டர் கிடைத்தால் கை கட்டுப்பாடாக இருக்கட்டும்: ஒரு கப் தண்ணீருக்கு உலர்ந்த பூ ஒரு தேக்கரண்டி, பத்து நிமிடத்துக்குள் வடிகட்டல். மீறினால் சோப்பைக் கரைத்துக் குடித்த மாதிரி இருக்கும்.

ருசி பார்ப்பதிலும் ஒரு சங்கதி. கரண்டியில் எடுத்து நக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குளிர்ந்தால் இனிப்பும் மட்டுப்படும், வாசனையும் எழும்பாது. ஒரு கிளாஸ் ஐஸ் தண்ணீரில் 20 மில்லி கலந்து குடித்துப் பாருங்கள். வெதுவெதுப்பில் தூக்கலாகத் தெரிந்த சிரப், ஐஸில் அளவாக இருக்கும்.

எத்தனை நாள் தாங்கும் என்றால், அது சர்க்கரையின் கையில். சர்க்கரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிகளுக்கு வேண்டிய ஈரம் கிடைப்பதில்லை. சம அளவு சிரப்பில் அந்தப் பிடி கொஞ்சம் தளர்வு. ஃபிரிட்ஜில் இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் நான் வைப்பதில்லை. ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு சர்க்கரை போட்டால் இரண்டு மாதம் ஓடும். அது கரைய மட்டும் லேசான சூடு வேண்டியிருக்கும், பூவை எடுத்த பிறகு காட்டுங்கள். பாட்டிலை வெந்நீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து உலர்த்திக்கொள்ளுங்கள். ஈரக் கரண்டி உள்ளே போகக் கூடாது. கலங்கினாலோ, மேலே நூல் நூலாக ஏதாவது மிதந்தாலோ, திறக்கும்போது புஸ்ஸென்று காற்று வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். நிறையச் செய்துவிட்டால் ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைக்கலாம்.

தோட்டத்துப் பூக்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் கறாராகச் சொல்ல வேண்டும். அழகாக இருக்கிறது, மணக்கிறது என்பதெல்லாம் குடிப்பதற்குத் தகுதி ஆகாது. அரளி வேண்டவே வேண்டாம், வெள்ளையோ சிவப்போ மஞ்சளோ. இதயத்தைத் தாக்கும் நஞ்சு அதில் உண்டு, கொதிக்கவைத்தாலும் அது போகாது. ஊமத்தையும் வேண்டாம், அதுவும் நஞ்சுதான். பெயரை நம்பியும் இறங்க முடியாது: கரோலினா மல்லிகை என்று ஒரு மஞ்சள் பூக்கொடி இருக்கிறது, அது மல்லிகை இனமே இல்லை, முழுச் செடியும் நஞ்சு. எல்டர் என்ற மேல்நாட்டுப் புதர்ச்செடியின் பூவில் சிரப் செய்வார்கள், ஆனால் அதன் தண்டும் இலையும் சயனைடை வெளிவிடக்கூடியவை, பூவை மட்டும் உதிர்த்து எடுக்க வேண்டும். அலங்காரத்துக்கு விற்கும் பூக்களில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள், சாப்பிடப்போகிறோம் என்ற கணக்கே அங்கே கிடையாது. உங்கள் வீட்டுச் செடியாகவே இருந்தாலும் சமீபத்தில் மருந்து அடித்திருந்தால் தொடாதீர்கள். மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கொடுக்கும்முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எசன்ஸ் விடலாமா? விட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் மல்லிகை எசன்ஸ் மல்லிகையின் ஒரு பக்கத்தை மட்டும் உரக்கச் சொல்லும், இரண்டாவது கிளாஸில் திகட்டிவிடும். வாசனை எண்ணெய் என்று விற்பதை எசன்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள், அது உடம்பில் பூச, குடிக்க இல்லை. ரோஜாவுக்கு என்றால் எசன்ஸைவிடப் பன்னீர் மேல். ரோஜா மணத்தில் தண்ணீரில் கரையும் பகுதி என்று மேலே சொன்னேனே, வடித்தெடுக்கும்போது அது பெருமளவு பன்னீரில்தான் தங்குகிறது. சாப்பிட உகந்தது என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்கி, சிரப் முழுக்க ஆறிய பிறகு ஒரு தேக்கரண்டி விட்டுப் பாருங்கள்.