விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளை வைத்துக்கொண்டு லினக்ஸுக்கோ மேக்குக்கோ மாற முடியுமா?

முடியும். சில இடங்களில் நானே மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் மென்பொருள் திறக்கிறதா என்று மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடாதீர்கள். பில் போட்டு, அச்செடுத்து, மாதம் முடிந்ததும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தயார் செய்து, டிஜிட்டல் கையெழுத்தும் போட்டு முடிக்கிற வரைக்கும் தடங்கல் இல்லாமல் போனால்தான் அது ஓடுகிறது என்று சொல்வேன்.

உங்கள் கேள்வியில் இருக்கும் நிலைமை இது: 2016-இல் வாங்கிய ஆறு கணினிகள், டேலி கணக்கு மென்பொருள், உள்ளூரில் எழுதி வாங்கிய ஒரு பில்லிங் மென்பொருள், முதலாளி புதிதாக வாங்கிய எம் வரிசை (ஆப்பிளின் சொந்தச் சில்லு கொண்ட) மேக்புக். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். உங்கள் ஆறாம் தலைமுறைக் கணினிகள் அந்தக் கணக்கில் சேராது. நன்றாக ஓடும் பெட்டிகளைத் தூக்கிப்போட மனம் வராது, எனக்கும் வராது. நான் ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்கும் ஆடிட்டர் அலுவலகங்களுக்கும் கணினி பார்த்துக்கொடுக்கிறேன். இதே கேள்வி போன வருடத்திலிருந்து வாராவாரம் வருகிறது.

எல்லோரும் முதலில் கேட்பது வைன் பற்றித்தான். 1993-இல் தொடங்கிய திட்டம், இலவசம். அது விண்டோஸைப் போல நடிக்கும் இன்னொரு கணினி அல்ல. மென்பொருள் விண்டோஸிடம் "இந்தக் கோப்பைத் திற, இந்தச் சன்னலை வரை" என்று கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரியும்படி அந்த நொடியே மாற்றிக் கொடுக்கிறது. அதனால் வேகம் பெரிதாகக் குறையாது, விண்டோஸ் லைசென்ஸும் வேண்டாம். விஷுவல் பேசிக் 6-இல் எழுதிய பழைய பில்லிங் மென்பொருள்கள் பல இதில் ஓடிவிடும். பார்கோடு ஸ்கேனர் தன்னை ஒரு கீபோர்டாகத்தான் காட்டிக்கொள்ளும், அதில் சிக்கலே இல்லை. சீரியல் போர்ட்டில் மாட்டிய எடை மிஷினைக்கூட வைனின் காம்1 என்ற போர்ட்டுடன் இணைத்துவிடலாம். விண்டோஸின் மையமான கர்னலுக்குள் போய் உட்கார வேண்டிய டிரைவர்களை, அதாவது சாதனங்களை இயக்கும் மென்பொருள்களைத்தான் வைன் தாங்காது. டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி டோக்கன் முட்டுவது அங்கேதான், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வைனில் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு கடையில் பில்லிங் மென்பொருளை வைனில் ஏற்றினேன். அழகாகத் திறந்தது, பில் வந்தது, கடைக்காரரும் மகிழ்ந்தார். மே மாதக் கடைசியில் விற்பனை அறிக்கை எடுத்தபோது மூன்றில் ஒரு பங்கு பில்களைக் காணோம். தேடினால் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை மே தவிர ஒவ்வொரு மாதத்திலும் ஒரு நாளின் பில்கள் போய் ஒளிந்திருக்கின்றன. காரணம் என் கவனக்குறைவு. லினக்ஸை நிறுவும்போது மொழியை அமெரிக்க ஆங்கிலம் என்று விட்டிருந்தேன். வைன் தேதி முறையை அங்கிருந்துதான் எடுக்கும். நாம் 04/05 என்று அடித்தால் மே 4, அது ஏப்ரல் 5 என்று எடுத்துக்கொண்டது. 13/05 என்று வந்ததும் பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் தானே திருப்பிப் போட்டுச் சரியாக எடுத்துக்கொண்டது. விஷுவல் பேசிக்கின் பழக்கம் அது. ஆகவே எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. முதல் பன்னிரண்டு நாளில் ஐந்தாம் தேதி தவிர மற்றவை குழம்பி, மீதி நாள் ஒழுங்காக இருந்தது. லினக்ஸின் வட்டார அமைப்பை இந்திய ஆங்கிலமாக மாற்றியதும் தீர்ந்தது, ஆனால் அந்தப் பில்களைக் கையால் திருத்த இரண்டு இரவு ஆனது. நீங்கள் வைன் போடுவதானால் முதல் வேலையாக இதைப் பாருங்கள். அடுத்து, பில்லில் தமிழ் அச்சாகிறதா என்று பாருங்கள். லதா எழுத்துரு மைக்ரோசாஃப்ட்டுடையது, லினக்ஸில் வராது. மென்பொருள் அந்தப் பெயரையே கேட்டால் கட்டம் கட்டமாகத்தான் அச்சாகும்.

டேலியை வைனில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் அலுவலகத்துக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. டேலி விண்டோஸுக்கென்று செய்யப்பட்டது, நிறுவனம் ஆதரவு தருவதும் விண்டோஸுக்குத்தான். ரிட்டர்ன் தேதிக்கு முந்தின நாள் ஏதாவது நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவீர்கள்? வீட்டில் கற்றுக்கொள்கிற மாணவர் என்றால் வைனில் தாராளமாக முயலட்டும்.

அடுத்த வழி மெய்நிகர் கணினி. லினக்ஸுக்குள் வர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதற்குள் முழு விண்டோஸை ஏற்றுவது. இதில் மென்பொருளுக்கு வித்தியாசமே தெரியாது. வர்ச்சுவல்பாக்ஸ் 7-இலிருந்து மெய்நிகர் டிபிஎம்மும் இருப்பதால் விண்டோஸ் 11-உம் ஏறும். யுஎஸ்பி டோக்கனை அப்படியே உள்ளே அனுப்பலாம். ஆனால் உள்ளே இருக்கும் விண்டோஸுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும், 16 ஜிபி ராம் இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து மூச்சுத் திணறும். உங்கள் பழைய பெட்டிகளில் ராம் எவ்வளவு என்று எழுதவில்லை. 4 ஜிபி என்றால் இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

மெய்நிகர் கணினியில் ஸ்னாப்ஷாட் என்று ஒரு வசதி உண்டு, அந்த நொடியின் நிலையைப் படம் பிடித்து வைத்து வேண்டும்போது திரும்பிப் போகலாம். ஒருமுறை ஒரு அப்டேட் சொதப்பியதும் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினேன். கணக்கு டேட்டாவும் அதே வட்டில் இருந்ததால் மூன்று நாள் பில்கள் போயின. கார்பன் நகல்கள் இருந்ததால் திரும்ப ஏற்ற முடிந்தது. அன்றிலிருந்து ஸ்னாப்ஷாட்டைத் தொடுவதற்கு முன் டேட்டா பேக்கப் எடுத்து, அதை வெளியே இன்னொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டுத்தான் கைவைக்கிறேன்.

முதலாளியின் மேக்புக்குக்கு வருவோம். பழைய இன்டெல் மேக்கில் பூட் கேம்ப் வழியாக நேரடியாக விண்டோஸ் போடலாம். எம் வரிசையில் அந்த வழி கிடையாது. பேரலல்ஸ் போன்ற மெய்நிகர் கணினி மென்பொருள் ஒன்றை வாங்கி, அதற்குள் அந்த வகைச் சில்லுக்கான ஏஆர்எம் விண்டோஸ் 11 போட வேண்டும். 2023-இல் மைக்ரோசாஃப்ட்டும் இதற்கு ஒப்புதல் தந்துவிட்டது. சாதாரண விண்டோஸ் மென்பொருள்களை ஏஆர்எம் விண்டோஸ் தானே மொழிபெயர்த்து ஓட்டிவிடும், டிரைவர்களை மட்டும் அது மொழிபெயர்க்காது. டோக்கனுக்கோ பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கோ ஏஆர்எம்முக்கென்றே டிரைவர் இல்லாவிட்டால் அந்தச் சாதனம் கிடந்தபடி கிடக்கும். முதலாளி அறிக்கைகளைப் பார்க்க மட்டும்தான் என்றால் பேரலல்ஸுக்குப் பணம் கட்ட வேண்டாம், அடுத்துச் சொல்லும் வழியே போதும்.

என் தேர்வு இதுதான். உங்கள் ஆறு பேரில் டேலியையும் பில்லிங்கையும் உண்மையில் திறப்பவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணுங்கள். நான் பார்த்த அலுவலகங்களில் அது இரண்டைத் தாண்டியது குறைவு. மற்றவர்களுக்கு பிரவுசர், மெயில், வாட்ஸ்அப், ஒரு எக்செல் தாள். அந்த நான்கு பெட்டிகளில் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையைப் போடுங்கள். இரண்டு புதிய விண்டோஸ் 11 புரோ கணினிகளை வாங்கிக் கணக்கை அதில் வையுங்கள். அவசரத்துக்கு லினக்ஸிலிருந்து ரெமினா என்ற செயலி வழியாகவும், மேக்கிலிருந்து மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் ஆப் வழியாகவும் ரிமோட் டெஸ்க்டாப்பில், அதாவது அந்த விண்டோஸ் கணினியின் திரையை உங்கள் திரையில் கொண்டுவந்து, உள்ளே போகலாம். ஹோம் பதிப்பு வாங்கினால் இந்த வழி அடைபட்டுவிடும். புரோவிலும் ஒரே நேரத்தில் ஒருவர்தான். நீங்கள் ரிமோட்டில் நுழைந்தால் அங்கே உட்கார்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். ஐந்து பேர் சேர்ந்து நுழைய வேண்டுமென்றால் விண்டோஸ் சர்வரும் ஆளுக்கொரு அனுமதி லைசென்ஸும் வேண்டும், செலவு வேறு மாதிரி ஆகிவிடும். வீட்டிலிருந்து நுழைய ஆசைப்பட்டு ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள். டேட்டாவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்பவர்கள் தேடி வரும் கதவுகளில் அது ஒன்று. விபிஎன் என்ற பாதுகாக்கப்பட்ட தனி இணைப்பு வழியாக மட்டும் போங்கள்.

எக்செல்லையும் குறைத்து எண்ணாதீர்கள். ஜிஎஸ்டியின் ஆஃப்லைன் கருவி விண்டோஸுக்கு மட்டும்தான். வருமான வரித் துறையின் எக்செல் படிவங்கள் மேக்ரோவை, அதாவது தாளுக்குள் எழுதிவைத்த சிறு நிரல்களை நம்பி நிற்கின்றன. லினக்ஸில் எக்செல்லுக்குப் பதிலாக வரும் லிப்ரே ஆஃபீஸ் தாள்களை நன்றாகத் திறக்கும், அந்த மேக்ரோக்களை நம்பி ஒப்படைக்க முடியாது. இவற்றையும் விண்டோஸ் கணினியிலேயே செய்துவிடுங்கள்.

இனி டோக்கன். ரிமோட் டெஸ்க்டாப்பில் பலர் மணிக்கணக்கில் தவிக்கும் இடம் இது. டோக்கனை அலுவலக விண்டோஸ் கணினியில் செருகிவிட்டு வேறு இடத்திலிருந்து ரிமோட்டில் நுழைந்தால் அங்கே டோக்கன் தெரியாது. கெட்டுப்போய்விட்டதோ என்று புதிது வாங்கியவர்களும் உண்டு. ரிமோட் டெஸ்க்டாப் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது: டோக்கன் போன்ற ஸ்மார்ட் கார்டு எதுவானாலும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினியில்தான் தேடும், தூரத்தில் இருப்பதில் தேடாது. எனிடெஸ்க் போன்ற ரிமோட் செயலிகள் அங்கே திறந்திருக்கும் திரையையே காட்டுவதால் அவற்றில் டோக்கன் தெரியும்.

உங்களுடையது தனிநபர் நிறுவனமா, பார்ட்னர்ஷிப்பா, பிரைவேட் லிமிடெட்டா என்று எழுதவில்லை. தனிநபர் அல்லது சாதாரணப் பார்ட்னர்ஷிப் என்றால் ஜிஎஸ்டி ரிட்டர்னை மொபைலுக்கு வரும் ஓடிபியிலேயே முடிக்கலாம், டோக்கன் கவலை பெரும்பாலும் இல்லை. கம்பெனி அல்லது எல்எல்பி என்றால் டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம். அப்படியானால் அந்த விண்டோஸ் கணினிகளில் ஒன்றை டோக்கனோடு ஒதுக்கி, முன்னால் ஒரு நாற்காலியும் போட்டு வையுங்கள். மாதாமாதம் 20-ஆம் தேதிக்குள் யாராவது அங்கே வந்து உட்கார்ந்துதான் மாத ஜிஎஸ்டி ரிட்டர்னான 3பி-யில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.