முதல் கட்டமரான்: படகைத் தேடுமுன் கரையைத் தேடுங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன். பொல்கொட ஏரியில் சிறிய பாய்ப்படகு ஓட்டப் பழகியிருக்கிறேன். இனி இரட்டை உடல் கொண்ட கட்டமரான் ஒன்றைச் சொந்தமாக வாங்க ஆசை. நீர்கொழும்பிலுள்ள ஒரு சுற்றுலா விடுதி, பழைய ஹோபி 16 ஒன்றை மலிவாகத் தருவதாகச் சொல்கிறது. பெரும்பாலும் நானும் 12 வயது மகனும்தான் போவோம். என் எடை 66 கிலோ, அவன் 36 கிலோ. வாங்கலாமா?

பதில்: நீங்கள் தந்த விவரங்களை வைத்துச் சொன்னால், வேண்டாம். படகு மோசமானது என்பதால் அல்ல. அமெரிக்காவில் ஹோபி ஆல்டர் உருவாக்கிய இந்த ஹோபி 16, 1970களின் தொடக்கத்திலிருந்து உலகெங்கும் ஒரு இலட்சத்துக்கும் மேல் விற்பனையானது. ஏறக்குறைய 5 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம், 145 கிலோ எடை. படகின் அடியில் நீருக்குள் தனியாக இறக்கும் அடிப்பலகை இல்லாததால் நேராக மணலிலேயே ஏற்றிவிடலாம். நம் கடற்கரைகளுக்கு அது பெரிய வசதி. ஆனால் இது இரண்டு பெரியவர்களுக்கான படகு.

கவிழ்ந்தால் என்ன நடக்கும் என்பதிலிருந்தே கணக்கைத் தொடங்குங்கள். நீங்கள் பழகிய ஒற்றை உடல் படகு கவிழ்ந்தால், அடிப்பலகையின் மேல் ஏறி நின்று ஒருவரே நிமிர்த்திவிடலாம். கட்டமரான் அப்படி எழாது. நிமிர்ந்திருக்கும்போது அதை உறுதியாக வைத்திருக்கும் அதே அகலம், கவிழ்ந்த பின்னும் அதை உறுதியாகவே வைத்திருக்கும். மேலே நிற்கும் உடலைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு, முழு எடையையும் பின்னோக்கிச் சாய்த்து இழுக்க வேண்டும். ஹோபி 16 பந்தய விதியில் இருவரின் மொத்த எடை குறைந்தது 129 கிலோவாக இருக்க வேண்டும். நிமிர்த்துவதற்கும் ஏறத்தாழ அந்த அளவு எடை தேவை. உங்கள் இருவரின் எடை 102 கிலோ. பலத்த காற்றில், பின்காற்றோடு ஓடும்போது அணியம் (முன்முனை) நீருக்குள் புதைந்து படகு குட்டிக்கரணம் அடிப்பதற்கும் இந்த வகை பேர்போனது. கல்கிசைக்கு அப்பால், கரையிலிருந்து எட்டத்தில், ஒரு சிறுவனோடு அந்த நிலையில் நீங்கள் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மனைவியோ நண்பரோ ஒவ்வொரு முறையும் உடன் வருவது உறுதியென்றால் என் பதில் மாறும்.

உங்களுக்குப் பொருந்துவது ஹோபி வேவ் போன்ற நான்கு மீட்டர் படகு. 111 கிலோதான். வார்ப்பு பிளாஸ்டிக் உடல், கல்லிலும் மணலிலும் உரசினாலும் தாங்கும். பாயின் கீழே பூம் கட்டை கிடையாது, ஆகவே திரும்பும்போது மகனின் தலையில் அடிபடும் என்ற பயமில்லை. வேகம் குறைவுதான், முதல் சில பருவங்களுக்கு அது ஒரு குறையே இல்லை. ஹோபி 14 கிடைத்தாலும் பார்க்கலாம், அது ஒருவருக்கென்றே வடிவமைக்கப்பட்டது. மகனையும் ஏற்றினால் நெருக்கமாக இருக்கும். ஒலிம்பிக் பந்தயங்களில் கண்ட நாக்ரா, டொர்னாடோ வகைகளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அவற்றின் அடிப்பலகைகள் நம் மணற்கரைகளில் இறங்கி ஏறத் தோதானவை அல்ல.

படகைத் தேடுமுன் அது எங்கே நிற்கும் என்று முடிவு செய்யுங்கள். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் எட்டடி அகலமான ஒன்றை நிறுத்த இடமில்லை. கழற்றிப் பூட்டுவதும் ஒவ்வொரு வாரமும் செய்யக்கூடிய வேலையல்ல. பாய்மரம் ஏற்றப்பட்ட நிலையில், நீருக்கு அருகே, நிழலில் படகு நிற்க வேண்டும். மொறட்டுவைக்கு அருகே பொல்கொட ஏரிக்கரையில் சிலோன் மோட்டார் யொட் கிளப் இருக்கிறது. அங்கோ, கரையோரத்தில் நிலம் வைத்திருக்கும் ஒருவரிடமோ இடம் கேட்டு, மாத வாடகையையும் காவலையும் பேசிவிட்டுத்தான் விலை பேசப் போக வேண்டும். இடமில்லாமல் வாங்கிய படகுகள் தென்னைகளுக்கு அடியில் இலை மூடிக் கிடப்பதை நம் கரையெங்கும் காணலாம். அந்தக் காட்சி எனக்கு ஒவ்வொரு முறையும் மனவருத்தம் தருகிறது.

இடத்தைப் பார்க்கும்போது மேலேயும் பாருங்கள். அலுமினியப் பாய்மரங்கள் மின்சாரத்தைக் கடத்துபவை. ஹோபி 16இன் பாய்மரம் 8 மீட்டர் உயரம், சிறிய வகைகளின் பாய்மரமும் தாழ்வான மின்கம்பியை எட்டிவிடும். பாய்மரத்தை நட்டபடி தள்ளிக்கொண்டு போகும் வழியில் ஒரு மின்கம்பி இருந்தால் அந்த இடமே வேண்டாம். உலகின் பல இடங்களில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

பழைய படகை எங்கே தேடுவது? நீர்கொழும்பிலிருந்து பெந்தோட்டை வரை கடற்கரை விடுதிகளும் நீர்விளையாட்டு நிலையங்களும்தான் முதல் இடம். வாடைக் காலத்தில் மேற்குக் கரை அமைதியாக இருக்கும். மே மாதத்தில் சோளகம் பலக்கத் தொடங்கியதும் படகுகளை மேலே ஏற்றிவிடுவார்கள். செப்டெம்பர் வரை அவை வெறுமனே கிடக்கும். ஏப்ரல் கடைசியில் போய்க் கேட்டால், பராமரிப்புச் செலவை மிச்சப்படுத்த விரும்பும் உரிமையாளர் இறங்கிப் பேசுவார். கிழக்கில் பருவம் நேர்மாறானது. திருகோணமலை, பாசிக்குடாப் பக்கம் செப்டெம்பருக்குப் பிறகு விசாரியுங்கள். இக்மன் போன்ற விளம்பரத் தளங்களையும் பாருங்கள், ஆனால் படத்தை நம்பி முற்பணம் அனுப்ப வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால், வரியும் துறைமுகச் செலவும் சேர்ந்த முழுத்தொகையை கிளியரிங் ஏஜென்டிடம் எழுத்தில் வாங்கும்வரை பணம் கட்டாதீர்கள். உள்ளூரில் வாங்கினாலும், இறக்குமதி செய்யப்பட்ட படகென்றால் சுங்கப் பத்திரங்களைக் கேளுங்கள்.

இனி படகின் முன் நிற்கிறீர்கள். விடுதிப் படகுகளின் உடல் வெளியே பளபளக்கும், அதில் மயங்காதீர்கள். ஹோபி 14, 16 போன்ற ஃபைபர்கிளாஸ் உடல்கள் நடுவில் நுரையும் இருபுறமும் மெல்லிய தகடும் கொண்டவை. வெயிலும் ஈரமும் சேர்ந்தால் இவை பிரியும். மேற்பரப்பு முழுவதையும், குறிப்பாக முன் குறுக்குச் சட்டம் உடலோடு சேரும் இடத்தைச் சுற்றி, கட்டைவிரலால் அழுத்துங்கள். பிறகு தேங்காய் தட்டுவதுபோல் விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான ஓசை திடீரென்று மந்தமானால் அங்கே உள்ளே பிரிந்திருக்கிறது. உள்ளங்கை அளவு என்றால் சரிசெய்யலாம். சட்டத்தின் காலடியில் நெகிழ்ந்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். மணலில் இழுத்து இழுத்து அடிப்பகுதி தேய்ந்திருப்பது அவ்வளவு பயப்பட வேண்டியதல்ல. மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர்கிளாஸ் வேலை செய்யும் கைகள் நீர்கொழும்பிலும் மொறட்டுவையிலும் உண்டு, அவர்கள் அதை மீண்டும் கட்டித் தருவார்கள். பிளாஸ்டிக் உடலில் ஃபைபர்கிளாஸ் பிசின் ஒட்டாது. ஆகவே வேவ் வகையில் வெடிப்பு இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

உலோகத்தில்தான் என் கவனம் அதிகம் நிற்கும். உடலை இங்கே ஒட்டலாம், வளைந்த பாய்மரத்துக்கோ தேய்ந்த சுக்கான் வார்ப்புக்கோ மாற்றுப் பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். பாய்மரத்தைத் தரையில் படுக்கவைத்து ஒரு முனையிலிருந்து கண்ணை வைத்து நேர் பாருங்கள். அது காற்றுப் புகாதபடி அடைக்கப்பட்டிருக்க வேண்டும். கவிழும்போது அதில் நீர் ஏறினால் படகு முழுதும் தலைகீழாகிவிடும். பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் தாங்கு கம்பிகளில் ஒரு இழை அறுந்திருந்தாலும், துரு கசிந்திருந்தாலும், முழுத் தொகுதியையும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் வயது தெரியாத கம்பியை நான் கடலுக்குக் கொண்டு போக மாட்டேன். இரு உடல்களுக்கும் நடுவில் நீங்கள் உட்காரும் விரிப்பின் தையலை நகத்தால் கீறுங்கள், நூல் தூளானால் விரிப்பு புதிதாக வேண்டும். பாய்களும் வெயிலில் உயிரிழந்திருக்கும். புதிய பாய்த்தொகுதியின் விலை உங்களைத் திடுக்கிட வைக்கும் என்பதால் அதை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

நீர்ப்புகாமையைச் சோதிக்க எளிய வழி உண்டு. வடிகால் துளையில் வாயை வைத்து மெதுவாக ஊதிக்கொண்டே, இணைப்புகளில் சவர்க்கார நீர் பூசச் சொல்லுங்கள். குமிழி எங்கே வருகிறதோ அங்கே கசிவு. டயருக்குக் காற்றடிக்கும் கருவியை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள், உடலே பிளந்துவிடும்.

இவையெல்லாம் சரியென்றால், உயிர்காப்பு அங்கி அணிந்து, விற்பவரையும் ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். காற்றுக்கு எதிராக இரு பக்கமும் திரும்பிப் பாருங்கள். இரட்டை உடல் மெதுவாகத்தான் திரும்பும், முன்பாய் இருந்தால் அதைச் சற்று நேரம் மறுபக்கம் பிடித்து உதவ வேண்டியிருக்கும். சுக்கான் கையில் ஓயாமல் இழுத்தால் அது முழுமையாகக் கீழிறங்கிப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கரை சேர்ந்ததும் பின்பகுதியைத் தாழ்த்தி இரண்டு வடிகால் அடைப்புகளையும் திறவுங்கள். ஒரு குவளை நீர் வந்தால் பேரம் பேசலாம். வாளி நிறைய வந்தால், கசிவைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டுக் கூப்பிடச் சொல்லிவிட்டுப் பணத்தோடு வீடு திரும்புங்கள்.